மலைமேல் நான் ஏற்றிவிட்ட மாடு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற, பன்னிரண்டே வீடு கொண்ட ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. மறக்க முடியாத அனுபவம் என்றால் பெரும்பாலும் யாரோ நமக்குச் செய்த உதவியைத்தான் எழுதுவார்கள். நான் எழுதப்போவது நான் செய்த உதவியைப் பற்றி. அந்த உதவியால் ஒரு பெண் பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமல் போனாள்.

நான் சின்னசேலம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் முப்பது வருஷம் செயலாளராக இருந்தவன். எங்கே எவர் கஷ்டம் என்று சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: ஒரு கறவை மாடு வாங்குங்கள். என் மருமகன் வேலை போய் வந்து நின்றபோதுகூட அதையே சொல்லி, மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்படியும் புத்தி வரவில்லை.

ஓய்வு பெற்றபின் கள்ளக்குறிச்சியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தினோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். ஆப்பிரிக்காவில் சில கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு எந்தக் கேள்வியும் கேட்காமல் மொத்தமாகப் பணம் கொடுத்துவிடுகிறார்களாம், அவர்களும் தங்களுக்கு எது வேண்டுமோ அதைச் செய்து நன்றாக இருக்கிறார்களாம். அதை எங்கோ படித்துவிட்டு, நம் மலையிலும் அப்படிச் செய்யுங்கள் என்று பணம் அனுப்பினார். எட்டுக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தோம். குடும்பத்துக்கு அறுபதாயிரம். ஒரே ஒரு விதிதான்: எதற்கு என்று கேட்கக் கூடாது, இதைச் செய் என்று சொல்லவும் கூடாது. எனக்கு அதில் துளிகூட உடன்பாடு இல்லை. ஆனால் மலையேறிப் போய்வர ஆள் வேண்டுமே, நானே போனேன்.

நான் சொல்ல வந்தது அந்த எட்டில் ஒரு வீட்டைப் பற்றி. கணவன், மனைவி, பத்தாவது படிக்கும் பெண், ஒன்றரை வயதில் ஒரு கைக்குழந்தை. ஒரு ஏக்கர் சரிவில் சாமையும் மரவள்ளியும் போடுவார்கள். சாமை அறுத்ததும் மார்கழியில் குடும்பத்தோடு குடகுப் பக்கம் காப்பி எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரச் சித்திரை ஆகிவிடும். அந்த மலையில் பாதி வீடுகளுக்கு அதுதான் வழக்கம்.

கையில் இருந்த தாளைப் பார்த்து, "இந்தப் பணத்துக்கு எந்த நிபந்தனையும் இல்லை, எல்லாம் உங்கள் இஷ்டம்" என்று சத்தமாகப் படித்தேன். தாளை மடித்துப் பையில் வைத்த கையோடு கேட்டேன்.

"சரி, இன்னாம்மா பண்ணலாம்னு இருக்கீங்க?"

அந்தம்மா கணவனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணும் வாங்கல சார். இந்த வருசம் எஸ்டேட்டுக்குப் போவாம வூட்லயே இருந்துக்கலாம்னு பாக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. அறுபதாயிரத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கப் போகிறார்களாம்! "வூட்ல இருந்துகினு இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"பாப்பா பத்தாவது படிக்குது சார்..."

அந்தம்மா முடிக்கவில்லை, நான் முடிக்க விடவில்லை. "அதுக்குத்தாம்மா சொல்றேன். ஒரு நல்ல கறவை மாடு வாங்கிக் கட்டுங்க. புள்ள படிப்புக்கும் ஆச்சு, வூட்டுச் செலவுக்கும் ஆச்சு" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். பால் கணக்கு, தீவனக் கணக்கு, கன்று போட்டால் என்ன லாபம் என்று ஒன்று விடவில்லை. பால் வண்டிக்கு நானே பேசி ஏற்பாடு செய்வதாகவும் வாக்குக் கொடுத்தேன். கீழேயிருந்து பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கையில் பணமும் கொடுத்த மனுஷன் சொன்னால் அவர்கள் எப்படி மறுப்பார்கள்? கணவர் தலையை ஆட்டினார். அந்தம்மா எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாட்டையும் நானே பார்த்து வாங்கினேன். எங்கள் ஊரில் தெரிந்தவரிடம், கலப்பினம், இரண்டாவது கன்று போட்டது. அறுபதாயிரமும் அதற்கே சரியாகப் போயிற்று. மினி லாரியில் ஏற்றிப் போனோம். ரோடு முடிகிற இடத்தில் இறக்கி நடத்தினால், கீழ்நாட்டுச் சமதரையிலேயே வளர்ந்த மாடு, பாதி மேட்டில் படுத்துக்கொண்டது. ஊரே வந்து தள்ளி மேலே சேர்த்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பால் வண்டி வரவில்லை. ஒரு வீட்டு ஏழெட்டு லிட்டருக்காக எந்த வண்டி மலைக்குள் அவ்வளவு தூரம் வரும்? நான் செயலாளராக இருந்த காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த ஊரில் பால் வாங்கவும் ஆள் இல்லை. அதனால் அந்தப் பெண் தினமும் விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து, பெரிய ரோட்டு டீக்கடையில் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். புரட்டாசியில் நான் போனபோது அவளை வழியில் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்துகொண்டிருந்தாள். அவளை நிறுத்தி, கேனோடு ஒரு போட்டோ எடுத்து, பொறுப்பான பெண் என்று எழுதி வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பினேன். அந்தப் போட்டோ இன்னமும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

பொங்கல் கழித்து அடுத்த முறை போனேன். மாட்டோடு குடும்பத்தை நிற்க வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்பது திட்டம். வீட்டு வாசல் மூங்கில் படலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கொட்டகையில் மாடு இல்லை. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார். அவர்களுக்கும் எங்கள் பணம் போயிருந்தது. அதில் கூரைக்குத் தகரம் போட்டு, மீதிக்கு ஒரு டிவி வாங்கியிருந்தார்கள். ஊதாரிகள் என்று நான் கள்ளக்குறிச்சியில் வந்து புலம்பிய குடும்பம் அது.

"அவங்க எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்களே சார். ஐப்பசி மழையில மாட்டுக்கு மடி வீங்கிப் பாலே நின்னு போச்சு. வந்த வெலைக்குத் தரகர்கிட்ட தள்ளிட்டாங்க. பாதிகூட வரல. அதுவும் தீவனத்துக்கும் வைத்தியத்துக்கும் பூட்ச்சு."

"பொண்ணு?"

"அதுவுந்தான் போயிருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் காட்டுல காப்பிப் பழம் எடுக்கப் போயிட்டா சின்னத யாரு பாத்துக்கறது?" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "புள்ள பரிச்ச எழுதற வரைக்கும் இந்த வருசம் எங்கியும் போவறதில்லன்னு அவ அம்மா ஆடியிலேர்ந்து சொல்லிகினு இருந்தா சார்."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். என் யோசனை எதையும் கேட்காத குடும்பம் அது. நான் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் ஆன ஓட்டமெல்லாம் ஓடினேன். எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரியின் நம்பரைப் பிடித்து அவளுடைய அப்பாவிடம் பேசினேன். பெண்ணை மட்டுமாவது அனுப்புங்கள், என் வீட்டில் தங்கி எழுதட்டும் என்று கெஞ்சினேன். குழந்தை அக்காவை விட்டால் யாரிடமும் இருக்காது என்றார் அவர், தணிந்த குரலில். பங்குனியில் பரீட்சை நடந்தது. பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். அவள் வரவில்லை என்றார்கள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் என்றும் அவர்களாகவே சொன்னார்கள்.

சித்திரையில் அவர்கள் திரும்பி வந்தது தெரிந்து போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டே போனேன். அந்தப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜூன் கடைசியில் துணைத்தேர்வு இருக்கிறது, புத்தகம், டியூஷன் எல்லாம் என் பொறுப்பு என்றேன். "எல்லாம் மறந்து போச்சு சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு முறை வற்புறுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் மன்னிப்புக் கேட்குமுன் அந்தம்மா முந்திக்கொண்டார். "மன்ச்சிக்கோங்க சார். நீங்க நல்ல மாடாத்தான் பாத்துக் குடுத்தீங்க. எங்களுக்குத்தான் வச்சுக் காப்பாத்தத் தெரில."

இல்லம்மா, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் அதை மரியாதைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார். படல் வரைக்கும் கூட வந்தவர், மெதுவாகக் கேட்டார். "மறுபடியும் பணம் குடுப்பாங்களா சார்? குடுத்தா, இன்னா வாங்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. இந்த வாட்டி சரியா பண்ணிடறோம்."

எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்த ஒரு அம்மாவை, என்னிடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அந்தப் பெண் வைகாசியில் ஊர்ப் பெண்கள் நாலு பேரோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

இப்போதும் மலைக்குப் போகிறேன், பணம் கொடுக்கிறேன். தாளில் இருப்பதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுகிறேன். உனக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று என் மகள் சொல்கிறாள். வந்தது உண்மைதான், ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது நான் இல்லை, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட அந்தப் பெண்.