பச்சைக் காரின் பேட்டரி பின்னால் போனது

எனக்கு வயது எண்பத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் கொழுந்தன் விட்டுப்போனவை. ஆறு பேருக்கும் சோறு போட்டது பேட்டரிதான்.

போன மாதம் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே என் பேத்தி நித்யாவின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல பேட்டரியே இல்ல லா!" என்றாள். பின்னால் போய்ப் பார் என்றேன். பூட்டில், அதாவது பின்னால் சாமான் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எங்கள் கடையில் ஒரு காருக்கு நாங்களே அப்படி மாற்றியிருக்கிறோம் என்றேன். அவள் நம்பவில்லை. அதனால் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

கடையும் போர்டும்

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடை. பாதி உள்ளே, பாதி அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில். டாக்ஸி, லாரி பேட்டரிகள் சார்ஜ் இறங்கி வரும். அவற்றைச் சார்ஜரில் போட்டுவிட்டு, அதுவரைக்கும் ஓட்ட கடைப் பேட்டரி ஒன்றை இரவல் கொடுத்து அனுப்புவோம். செல் வற்றியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவோம். செத்துப்போயிருந்தால் புதிது விற்போம். வண்டிக்கு அடியில் படுக்கும் வேலை என் வீட்டுக்காரருடையது. சார்ஜ் போடுவதும் ஆசிட் பார்ப்பதும் என்னுடையது.

சேலைக்கு மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளிப் பட்டனை மாட்டிவிடுவேன். பேட்டரியின் இரண்டு தலைகளுக்கு நடுவே தங்கம் விழுந்தால் பொறி பறக்கும், கழுத்தும் வெந்துவிடும். வளையல் ஆணியில் தொங்கும். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சந்தே சிரித்தது. சிரித்துவிட்டுப் பேட்டரியை என்னிடம்தான் கொடுத்தது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எந்தப் பேட்டரி யாருடையது என்பதற்கு அதன் ஈயத் தலையில் ஆணியால் புள்ளி குத்தி வைப்பேன். கோலப் புள்ளி போல ஆளுக்கு ஒரு விதம். ஒன்றுகூட மாறிப் போனதில்லை.

கடைக்கு மேலே நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் "அலமேலு பேட்டரி சார்ஜிங்" என்று இருந்தது. அலமேலு நான்தான். என்னைக் கேட்காமலே என் வீட்டுக்காரர் எழுதி மாட்டிவிட்டார். "எம்பேரை எதுக்குப் போட்டீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "பேட்டரியப் பாக்குறவ பேரத்தான போடணும்" என்றார். எழுத்துக்கூட்டாமல் நான் படிக்கக்கூடிய வரி அது ஒன்றுதான். காலையில் கடை திறக்கும்போது ஒரு தடவை படித்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

மூன்றாவது பேட்டரி

டாக்டர் புனிதவதி யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிரசவம் பார்ப்பவர். அறுபதுகளின் ஆரம்பத்தில் பெண்ணொருத்தி கார் ஓட்டினாலே திரும்பிப் பார்ப்பார்கள். இவர் ஓட்டியது மேல்கூரையை மடித்துப் போட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ஓட்டப் போவார். வெள்ளைச் சேலை, தலையில் ஒரு ஸ்கார்ஃப், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.

என்னிடம்தான் பேட்டரி வாங்கினார். இரண்டு மாதத்தில் செத்தது. மாற்றிக் கொடுத்தேன். அதுவும் செத்தது. மூன்றாவதும் செத்த மறுநாள் காலையில் டாக்ஸியில் வந்து இறங்கினார். ஓட்டி வந்தவர் எங்கள் சந்து முனை டாக்ஸி ஸ்டாண்டின் பக்கிரி அண்ணன்.

"இது மூண்டாவது பட்டரி, அலமேலு. நீர் விக்கிறது பட்டரியோ, பழந்தகரமோ?"

"தகரம் விக்கிற கடை அடுத்த சந்துல இருக்கு, டாக்டரம்மா."

"உம்மட வாய்க்கு மட்டும் சார்ஜ் குறையேல்லை."

ஸ்டாண்டிலிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நேற்று ஆஸ்பத்திரியிலை ஒரு பொம்பிளைக்கு அவசரம். திறப்பைப் போட்டுத் திருப்பினால் கார் மூச்சே விடேல்லை. ரோட்டிலை நிண்டு இவரை மறிச்சு ஓடினன். நல்ல காலம், தாயும் பிள்ளையும் சுகம். ஒரு பத்து நிமிசம் பிந்தியிருந்தா நீரோ பதில் சொல்லுவீர்?"

அன்று மத்தியானமே இரண்டு டாக்ஸிக்காரர்கள் வந்து, சார்ஜ் ஏறுவதற்கு முன்பே தங்கள் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "வேற ஒண்ணுமில்லக்கா, பொண்டாட்டி சொன்னா" என்றார் ஒருவர். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "அலமு, புதுசா ஒண்ணு குடுத்துச் சமாதானம் பண்ணிடுவோம். பெரிய இடம்."

"குடுத்தா தப்பு நம்மளுதுன்னு ஆயிடும். அப்புறம் நாலாவதும் சாகும்."

கையால் பார்த்தது

நல்ல பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு கார் நின்ற இடத்துக்குப் போய், இரவல் மாட்டி, டாக்டரம்மாவோடு நானும் ஏறினேன். காக்கிச் சட்டையோடுதான். புக்கிட் தீமா ரோட்டில் போய்த் திரும்பினோம். அவர் ஓட்டிய வேகத்தில் என் கொண்டை அவிழ்ந்ததுதான் மிச்சம். கடை வாசலில் நிறுத்தியதும் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். பேட்டரியின் ஒரு பக்கத்தில் கை வைத்தேன். சும்மா இருந்தது. இன்னொரு பக்கத்தில் வைத்தேன். இட்லிச் சட்டி மூடி போலச் சுட்டது.

ரேஸுக்காக எந்தப் பட்டறையிலோ எக்ஸாஸ்ட் பைப்பை மாற்றி வளைத்திருக்கிறார்கள். அது பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகிறது. ஓட ஓடத் தண்ணீர் கொதித்து ஆவியாகி, செல் வறண்டு, தகடு கெட்டுப்போகிறது.

"நீங்களும் தொட்டுப் பாருங்க, டாக்டரம்மா."

தொட்டார். "ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டார்.

"இந்த அடுப்பு ஓரத்துல உங்கள உக்கார வச்சா எத்தன மாசம் தாங்குவீங்க?"

அவர் குனிந்து பைப்பைப் பார்த்தார். "பைப்பை மாத்த ஏலாது. ரேஸுக்கெண்டு செய்தது. பட்டரியைப் பூட்டுக்குக் கொண்டுபோகலாம். இங்கிலீஷ் கார் புத்தகத்திலை பாத்தனான். முன்னுக்குப் பாரம் குறைஞ்சா வளைவிலை கார் நல்லாத் திரும்பும்."

அவருக்கு வளைவு, எனக்குச் சூடு. காரணம் வேறு வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

"ஆனா ஒண்டு," என்றார். "என்ர பெயின்டிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. சீமையிலையிருந்து வந்த பெயின்ட். வேலை முடிஞ்சும் பட்டரி செத்தால் என்ன செய்வீர்?"

டிரைவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"வர்ற தீபாவளி வரைக்கும் இந்தப் பேட்டரி உசுரோட இருக்கும். செத்தா, அந்த போர்ட எங்கையால எறக்கிடுறேன்."

என் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

டக்

பேட்டரி பின்னால் போனால் கரன்ட் காரின் நீளத்துக்கு ஓடி முன்னால் இருக்கும் ஸ்டார்ட்டருக்கு வர வேண்டும். பழைய கேபிள் அதற்குப் பத்தாது. ரோச்சோர் பக்கம் காயலான் கடை வைத்திருந்த மொய்தீன் நானா, கப்பல் பட்டறையில் வெல்டிங்குக்குப் போட்ட கேபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டை விரல் தடிமன்.

"கப்பலையே ஒட்டவச்ச கேபிளு தங்கச்சி. இந்தப் பொம்மக் கார் எம்மாத்திரம்?"

அந்தக் கேபிளை ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, பெட்ரோல் குழாய்க்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தள்ளி, காரின் அடிவயிற்றோடு கிளிப் அடித்தார் என் வீட்டுக்காரர். பூட்டில் ஒரு மரப்பெட்டி செய்து, ஆசிட் வழிந்தால் தகரத்தைத் தின்னாதபடி உள்ளே ஈயத்தகடு போட்டோம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி விடும் வாயு பூட்டுக்குள் தங்கினால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் பெட்டிக்கு மூடி போட்டு, மூடியிலிருந்து ஒரு ரப்பர் டியூபைத் தரைக்கு இறக்கினோம். வளைவில் பெட்டி நகராமல் இருக்க இரும்புப் பட்டை. பேட்டரியின் ஒரு முனை கேபிளுக்கு. மறுமுனை எர்த், அதாவது கார் பாடியோடு சேர வேண்டியது. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். அதைப் பூட்டுக்குள் இருந்த ஒரு போல்ட்டில் முடுக்கினோம்.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா வந்தார். ஸ்டாண்டில் இருந்த டாக்ஸிகளில் ஒன்றுகூட சவாரிக்குப் போகவில்லை. எல்லாரும் எங்கள் அஞ்சடியில். அவர் காரில் ஏறி ஸ்டார்ட்டரை இழுத்தார்.

டக்.

மறுபடி இழுத்தார். டக். அவ்வளவுதான்.

பக்கிரி அண்ணன், "தங்கச்சி, ஏணி நம்ம வீட்டுல இருக்கு. எடுத்தாரவா?" என்றார்.

"எடுத்தாங்கண்ணே. கடையில பல்பு மாத்தணும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. நான் நிமிர்ந்து போர்டைப் பார்க்கவில்லை.

பேட்டரி நல்ல பேட்டரி, நானே சார்ஜ் போட்டது. கேபிள் கப்பல் கேபிள். அப்படியென்றால் நடுவில் ஏதோ ஒரு மூட்டில் கரன்ட் நிற்கிறது. இன்னும் இரண்டு தடவை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஸ்டார்ட்டர் மூட்டு குளிர்ச்சி. பேட்டரித் தலை இரண்டும் குளிர்ச்சி. பூட்டுக்குள் எர்த் போல்ட்டைத் தொட்டேன். சுட்டது. கரன்ட் போக வழியில்லாமல் முட்டும் இடம் சுடும்.

போல்ட்டைக் கழற்றினால், கேபிளின் செப்பு வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் அந்தச் சீமைப் பெயின்ட், கண்ணாடி மாதிரி பளபளவென்று.

"டாக்டரம்மா, இங்க பெயின்ட்டச் சுரண்டணும்."

"நான் முதலே சொன்னனான். பெயின்டிலை கை வைக்கேலாது."

"பூட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பன்."

"வயித்தக் கீறாம புள்ளைய எடுப்பீங்களா நீங்க?"

"அனேகமா அப்பிடித்தான் எடுக்கிறனான்," என்றார் டாக்டரம்மா.

டிரைவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. உண்மைதான், பிரசவ டாக்டரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

"அனேகமா சரி," என்றேன். "நேத்து முந்தாநாளு ஒண்ணுகூடக் கீறலயா?"

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"கத்தியைத் தாரும். கீறுறதெண்டால் நான்தான் கீறுவன்."

போல்ட் ஓட்டையைச் சுற்றி ஒரு பத்துக் காசு அளவுக்கு, ஓரம் பிசிறாமல், வட்டமாகச் சுரண்டினார். தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் வளையத்தை வைத்து போல்ட்டை முடுக்கி, துரு ஏறாமல் மேலே கிரீஸ் தடவினேன். அவர் போய் ஸ்டார்ட்டரை இழுத்தார். முதல் இழுப்பிலேயே இன்ஜின் கத்தியது. சந்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் நாலாபக்கமும் ஓடின.

யாரும் கைதட்டவில்லை. டாக்டரம்மாவும் நன்றி சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக் காலை

அதன் பிறகு மாதக்கணக்கில் அவர் கடைப் பக்கம் வரவே இல்லை. தண்ணீர் ஊற்றக்கூட வரவில்லை. பேட்டரி ஓடுகிறதா, செத்து வேறு கடையில் வாங்கிவிட்டாரா, எனக்குத் தெரியாது. போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சேதி பரவி விலகிப்போயிருந்த டாக்ஸிக்காரர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் தீபாவளிக்குக் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் ஏணியில் ஏறி போர்டைத் துடைத்தார். "என்ன, அளவு பாக்குறீங்களா?" என்றேன். "தூசி" என்றார்.

தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டு, கடை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். டிரைவர்கள் புது வேட்டியில் ஸ்டாண்டில் நின்றார்கள். பச்சைக் கார் சந்துக்குள் வந்து கோலத்தில் ஏறாமல் நின்றது.

டாக்டரம்மா இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தார். கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்தார். எடுத்துக்கொண்டது. அணைத்தார். ஸ்டாண்டுப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி ஸ்டார்ட் செய்தார். எடுத்துக்கொண்டது. மூன்றாம் தடவையும் அப்படியே. செத்த பேட்டரி மூன்று. அதற்கு மூன்று தடவை. பிறகு ஹாரனை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கடை திறக்கப் போனபோது அஞ்சடியில் கால் வைக்க இடமில்லாமல் பேட்டரிகள் இருந்தன. முதலில் இருந்தது பக்கிரி அண்ணனுடையது.

வண்டி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கேபிள் எவ்வளவு தடிமன் என்றாலும் மூட்டில் பெயின்ட் இருந்தால் கரன்ட் நின்றுவிடும். எது கெட்டது என்று வாயால் சொல்வதற்கு முன்னால் கையால் தொட்டுப் பாருங்கள். தொடுவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். போர்டை இறக்குகிறேன் என்று மட்டும் நான்கு பேர் முன்னால் சொல்லாதீர்கள். எனக்கு நடந்தது, எல்லாருக்கும் நடக்காது.

நித்யா, எழுதியது போதும். முதலிலிருந்து படித்துக் காட்டு, மெதுவாக. போர்டில் என்ன எழுதியிருந்தது என்று வரும் இடத்தில் நிறுத்து. அந்த வரியை நான் படிக்கிறேன்.