இடது மட்கார்டு

டிப்போவில் அவருக்கு சோப்பு என்று பெயர். முப்பத்தோரு வருஷம் பஸ் கழுவியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? "எல்லாப் பயலும் மேனேஜருக்கு சோப்பு போடறான், நம்ம சோப்பு மட்டும்தான் பஸ்ஸுக்குப் போடுது" என்று மெக்கானிக்குகள் கிண்டலடிப்பார்கள். அவரும் பல் தெரியச் சிரித்துக்கொள்வார். யாரிடமும் எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். நல்ல பஸ்ஸும் வரும், எங்கேயோ எதன் மேலோ மோதிவிட்டு வந்த பஸ்ஸும் வரும். "கழுவிவிடு சோப்பு" என்று மேலே இருப்பவர்கள் சொன்னால் கழுவிவிடுவார். சக்கரத்து இடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது, யாருடையது, ஏன் இத்தனை அவசரம் என்றெல்லாம் கேட்டதேயில்லை. குழாயைத் திறப்பார், கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய காரை வாங்கினார். கருநீலம். கருநீலம் வாங்குகிறவனுக்குக் கொழுப்பு அதிகம் என்று பெயிண்டர்கள் சொல்வார்கள், ஒரு விரல் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். இவருக்கோ அதுதான் பிடித்திருந்தது. ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் காரை வாசல் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்று ஸ்பாஞ்சை அலச. மேற்கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும், மண் சேர்ந்திருக்கிற அடிப்பக்கம் கடைசி. கையை நேர்கோட்டில்தான் இழுப்பார். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியும். மாதம் ஒரு முறை மெழுகு. மெழுகு போட்ட உடம்பில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு குவளை ஊற்றுவார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு!

மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். "என் முதுகுல ஒரு தடவை இப்படி எண்ணெய் தேய்ச்சிருப்பீங்களா?"

"நீ நிழல்ல நின்னா தேய்ச்சிருப்பேன். எப்பப் பாரு அடுப்புப் பக்கமே நிக்கற."

பேப்பர்காரரோடு மட்டும் ஒரு சண்டை இருந்தது. சிவப்பு சைக்கிளில் வரும் ஒல்லியான மனுஷர். கேட் கிரில்லுக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டை யாரிடமோ வாங்கி சைக்கிளுக்குத் தானே அடித்துக்கொண்டவர், தூரிகை போன தடம் அப்படியே தெரியும். ஒரு ஞாயிறு ஈர பானெட் மேல் பேப்பரை வீசிவிட்டுப் போய்விட்டார். ஒரு தலைப்புச் செய்தியே தலைகீழாகக் காரில் ஒட்டிக்கொண்டது. ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவரே இறங்கி வந்து, பேப்பரை இரண்டு கையாலும் நீட்டி, "வாங்கிக்கங்க மகாராஜா" என்று கொடுக்கத் தொடங்கினார். இவரும் கையைத் துடைத்துக்கொண்டு, "வெச்சுட்டுப் போ மந்திரி" என்று வாங்கிக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அக்கா வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு சனிக்கிழமை சாயந்திரம்தான் அவர் திரும்பியிருந்தார். காலையில் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "பேப்பர் வரலையா?" என்று கேட்டார்.

"மூணு நாளா வரல. நின்னுடுச்சோ என்னவோ" என்றாள் மனைவி. பேச்சு அவசரமாக வந்தது. அவர் கவனிக்கவில்லை.

மேற்கூரையில் தண்ணீர் ஊற்றினார், முத்து. பானெட்டில் ஊற்றினார், முத்து. முன்பக்கம் இடது மட்கார்டில் ஊற்றினார். தண்ணீர் உருளவில்லை. எண்ணெய் போக விளக்கிய தட்டில் படர்கிற மாதிரி தட்டையாகப் படர்ந்து வழிந்தது. இன்னொரு குவளை. அதே கதை. ஒரு சாண் அகலத்துக்கு மெழுகே இல்லை.

குனிந்து பார்த்தார். வட்டம் வட்டமாகக் கீறல், பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போன கீறல். அந்த வட்டத்தை அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டு ஒவ்வொரு சட்டியின் அடியிலும் அதைத்தான் பார்த்துவருகிறார்.

"ஏய், இங்க வா. காரைத் தேய்ச்சியா நீ?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஆமா. அழுக்கா இருந்துச்சு."

"பாத்திர சோப்புலயா? நாரைப் போட்டா? வேற எங்கயும் அழுக்கே இல்ல, இங்க மட்டும்தான் இருந்துச்சா?"

அவள் மகனின் அறை ஜன்னலைப் பார்த்தாள். மூடியிருந்தது. மகனுக்கு இருபத்தாறு வயது, செல்போன் கடையில் வேலை. "வியாழக்கிழமை விடியக்காலம் சிநேகிதனை ரயில்வே ஸ்டேஷன்ல விடறதுக்கு எடுத்துட்டுப் போனான். வர்றப்ப ஒரு நாய் குறுக்க வந்துடுச்சாம். பாவம், புள்ள ரெண்டு நாளா சோறே தின்னல. நீங்க வேற ஏதாச்சும் கேட்டு வெக்காதீங்க."

"நாய் செத்துப்போச்சா?"

"எனக்கென்ன தெரியும்? ஓடிருக்கும்."

கழுவி முடித்துக் காயவிட்டு, நிழலில் மறுபடி பார்த்தார். கீறல்களுக்கு அடியில், மடிப்பு ஓரத்தில், நார் போய்ச் சேராத இடத்தில், மயிரிழை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. ரத்தம் இல்லை. ரத்தம் காய்ந்தால் கறுத்துவிடும், அது அவருக்கு நன்றாகவே தெரியும். இது பெயிண்ட். நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது.

நாய்க்கு ஏது பெயிண்ட்?

கழுத்துப் பட்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பட்டையில் இரும்பு வளையம் இருக்கும், அதற்கு யாராவது சிவப்பு அடித்திருப்பார்கள். நினைத்துக்கொண்டார் என்பதைவிட, அந்த நினைப்பைத் தேடி எடுத்துத் தனக்கே கொடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். பிறகு வேலையில் இறங்கினார்.

அந்த வேலையைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை, அப்படி ஒரு கை அது! பழைய பனியன் துணியைச் சதுரமாக மடித்து, கீறல் எடுக்கிற காம்பவுண்டு பசையைப் பட்டாணி அளவு எடுத்து, விரலை அழுத்தாமல் துணியை மட்டும் அழுத்தி, நேர்கோட்டில் தேய்த்தார். ஒரு தடவை தேய்த்தபோது சிவப்பு துணிக்கு வந்தது. மறு தடவை நார் வட்டங்கள் மங்கின. மூன்றாவது தடவை மென்மையான பாலிஷ். கண்ணாடி மாதிரி எதிர்வீட்டுச் சுவர் அதில் தெரிந்தது. உள்ளங்கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தார். வெறும் விரலுக்குத் தெரியாத பிசிறுகூடப் பைக்குள் இருக்கிற விரலுக்குத் தெரியும். ஒரு பிசிறும் இல்லை. மெழுகு போட்டு, காய்ந்து வெளுக்கும்வரை காத்திருந்து, துடைத்தெடுத்தார். காம்பவுண்ட் துணியைக் காயவிட்டால் கல்லாகிவிடும் என்பதால், வழக்கம்போல அப்போதே சோப்புத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டார்.

ஒரு குவளை ஊற்றிப் பார்த்தார். முத்து.

அப்போதுதான் கேட்டில் ஒரு பெண் நின்றாள். தோளில் துணிப்பை, பை நிறையப் பேப்பர், காலில் புழுதி. நடந்தே வந்திருக்கிறாள்.

"ஐயா, பேப்பர். மூணு நாளா போட முடியல, கோவிச்சுக்காதீங்க. நான் பேப்பர்காரர் வீட்டுக்காரி."

"அவர் எங்கம்மா?"

"ஆஸ்பத்திரில கெடக்கறாருங்க. வியாழக்கிழமை விடியக்காலம், வாய்க்கால் பாலத்துகிட்ட எவனோ கார்ல இடிச்சுத் தள்ளிட்டான். வாய்க்காலுக்குள்ள விழுந்துட்டார், கால் மேல கல்லு சரிஞ்சிடுச்சு. எட்டு மணி வரைக்கும் யாரும் பாக்கல." அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "காலை எடுத்துட்டாங்க. முட்டிக்கு மேல. ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார்."

அவர் குவளையை வாளிக்குள் வைத்தார்.

"வண்டி எதுன்னு..."

"இருட்டுல தெரியலைங்கறார். சைக்கிள் பின்னாடி நசுங்கிக் கெடக்கு. போலீஸ்லயும் வண்டி நம்பர் இல்லாம என்னம்மா பண்றதுங்கறாங்க." அவள் காரைப் பார்த்தாள். இத்தனை துயரத்திலும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இதானா அந்தக் கார்? வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மகாராஜா வண்டின்னு. நெசமாவே கண்ணாடி மாதிரிதான் இருக்கு."

அவளும் பேப்பரை இரண்டு கையால்தான் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

அவள் தெருமுனை திரும்பியதும் கொடிக்கு ஓடினார். துணியைப் பிரித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். வெள்ளை. திருப்பிப் பிடித்தார். அங்கேயும் வெள்ளை. அவர் கசக்கினால் கறை நிற்குமா?

மகன் அறையில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மனைவி பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள்.

"டேய். எந்திரி. நாயா அது?"

மகன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

"உன்னத்தான்டா கேக்கறேன்!"

"எறங்கிப் பாத்தேன்ப்பா." சுவரிடம் சொல்வதுபோல் சொன்னான். "உள்ள விழுந்து கெடந்தார். தம்பி, கையக் குடுன்னு கேட்டார்."

"குடுத்தியா?"

"பயமா இருந்துச்சுப்பா."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றான்.

மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "கத்தாதீங்க. அக்கம்பக்கம் கேக்கும். நடந்தது நடந்துபோச்சு, போன கால் இனிமே வரப்போறதில்ல. புள்ளைய உள்ள தள்ளினா அவருக்குக் கால் முளைச்சிடுமா?"

"கையக் குடுன்னு கேட்டிருக்கான்டி அந்த மனுஷன்."

"எனக்கும்தான் தூக்கம் வரல. அதுக்கு? யாரு வந்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறா?" அவள் குரலைத் தாழ்த்தினாள், ஏறக்குறைய அன்பாகவே சொன்னாள். "நான் தேய்ச்சதுதான் அரைகுறை. நீங்கதான் சுத்தமா எடுத்துட்டீங்களே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். சாவியை எடுத்தார். அவள் வழியில் நின்றாள். "போனீங்கன்னா நானும் அவனும் ஒரே மாதிரிதான் சொல்வோம். வண்டி வெளியவே போகலன்னு சொல்வோம். பாத்துக்கங்க." அவர் அவளைத் தொடாமல், பக்கவாட்டில் திரும்பிச் சுவரை உரசிக்கொண்டு வெளியே போனார்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் ஒருவர்தான் இருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு வெளியே வந்து காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். மட்கார்டுக்கு நேரே குந்தி உட்கார்ந்தார். அதில் தன் முகம் தெரிய, மீசையைக்கூட ஒதுக்கிக்கொண்டார்.

"பெரியவரே, ஷோரூம்லேர்ந்து நேத்து வந்த மாதிரி இருக்கு. இதுல எங்க இடிச்சுது?"

எழுத்தர் நம்பரை வாங்கி மகனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். "வண்டி புதன்கிழமைலேர்ந்து வாசல்லயேதான் சார் நிக்குது" என்றது மகனின் குரல். நடுக்கமில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதை. "அப்பாவுக்குக் கொஞ்ச நாளாவே மறதி சார். ஊர்ல இல்லாதப்ப நடந்ததையெல்லாம் பாத்த மாதிரி சொல்வார். அம்மாகிட்ட வேணா கேளுங்க."

எழுத்தர் போனை வைத்தார். "பாருங்க. பையன் இல்லைங்கறான். அம்மாவும் இல்லைன்னுதான் சொல்வாங்க. நீங்க அன்னிக்கு ஊர்லயே இல்ல. வண்டில ஒரு கீறல் இல்ல. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க."

"இருந்துச்சு சார். சிவப்பு பெயிண்ட். அவர் சைக்கிள் பெயிண்ட். நான்தான் எடுத்தேன்."

"அப்படி எழுதினா உங்க மேலயும் கேஸ் வரும், தெரியுமா? தடயத்தை அழிச்சதுக்கு."

"எழுதுங்க."

எழுத்தர் பேனாவை எடுத்தார். சோப்பு சொல்லச் சொல்ல எழுதினார். முன்பக்கம் இடது மட்கார்டு, தரையிலிருந்து முட்டி உயரம், ஒரு சாண் அகலம், மடிப்பு ஓரத்தில் நாலு விரல் நீளத்துக்கு சிவப்புக் கோடு, காலை எட்டரை மணி. வாழ்நாளில் யாரும் அவரிடம் என்ன கழுவினாய் என்று கேட்டதில்லை. கேட்காமலே இன்று அத்தனையும் சொன்னார், நிறுத்தி நிறுத்தி, எழுத்தரின் கை பின்தங்காத வேகத்தில்.

எழுதி முடித்து எழுத்தர் வாசித்துக் காட்டினார். "மேற்படி சிவப்புக் கோட்டை நான் அறியாமல் துணியால் துடைத்துவிட்டேன். சரியா? கீழ கையெழுத்துப் போடுங்க."

"இல்லங்க."

"என்ன இல்ல?"

"அறியாமல்னு எழுதியிருக்கீங்க. பெயிண்டுன்னு அப்பவே தெரியும் சார் எனக்கு. துடைக்கவும் இல்ல. தேய்ச்சேன். மூணு தடவை."

எழுத்தர் பெருமூச்சு விட்டு அந்த வரியை அடித்தார். பக்கத்தில் இடம் போதாததால் புதுத் தாள் எடுத்தார்.