ரெஜினா அக்கா நிறுத்தி வைத்த பக்கம்

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி தொடர்ந்து அதிர்ந்தது. பள்ளி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழு. "ரெஜினா இறந்துட்டாங்க. காலைல அஞ்சு மணிக்கு. ஹார்ட் அட்டாக்" என்று ஒரு டீச்சர் போட்டிருந்தார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகுதான் எதற்குப் போட்டேன் என்பது உறைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்த எண்ணம், இன்றைக்கு ஜன்னலில் யார் உட்காருவார்கள் என்பதுதான். ஜூன் மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு எண்ணம் வராது.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சாந்தோம் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியின் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். உங்கள் பிள்ளையின் டி.சி.யை அவர் கையிலிருந்துதான் வாங்கியிருப்பீர்கள். நான் அவரோடு இரண்டு வருடம்தான் வேலை செய்தேன். அவர் சாகும்போது நாற்பத்தாறு வயது.

நான் சேர்ந்த மாதம்தான் பிரிண்டரும் வந்தது. அதற்கு முன்பே பழைய மாணவர் ஒருவர் தன் கம்பெனியில் கழித்த நான்கு கம்ப்யூட்டர்களை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். வைரஸ் வராது, லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரிண்டரோடு வந்த சி.டி. விண்டோஸுக்கு மட்டும்தான். நான் பி.சி.ஏ. படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வாட்ச்மேன். 'கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு' என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். எனக்கு லினக்ஸ் என்பது பதினைந்து மதிப்பெண் கேள்வி. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதை யாரிடமும் சொல்லும் தைரியமும் இல்லை.

காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெஜினா அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா கண்ணு, பரீட்ச ஹால்ல ஒக்காந்தா மாரி கீற? ஒயர சொருவுனா வராதா?"

"இந்த மாடல் லிஸ்ட்ல இல்லக்கா."

"பக்கத்துல எது கீதோ அத போடு. அண்ணன் தம்பியாதான் இருக்கும்."

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. நம்பர் கிட்டத்தட்ட ஒத்துப்போன ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்தேன். பிரிண்டர் உறுமியது. ஒரு தாள் வந்தது. அதன் உச்சியில் ஒரே ஒரு வரி, அதுவும் புரியாத குறிகள். அடுத்த தாளிலும் ஒரு வரி. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் சுவிட்சை அணைத்துப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து மறுபடியும் துப்ப ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துத் தாள் எல்லாம் போகிறதே என்று அழுகை வந்துவிட்டது. ரெஜினா அக்கா எழுந்து, தாள் வைக்கும் தட்டை வெளியே உருவி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சோறு போட்டாதான துப்பும்? இப்போ துப்பட்டும் பாக்கலாம்."

வீணான நூறு தாள்களையும் அடுக்கி, எல்.கே.ஜி. பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் வரைய அனுப்பிவிட்டார். தலைமையாசிரியைக்கு அந்தச் செய்தி போகவே இல்லை.

மறுநாள் வேறு தொல்லை. பிரிண்டரை இயக்கும் சரியான டிரைவர் மென்பொருளை இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டேன். போடப் போனால், இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி திரையில் வந்து நின்றது.

"நம்ம கம்ப்யூட்டரு, நம்ம பிரிண்டரு. யாரான்ட வாங்கணுமாம் அனுமதி?"

"என்கிட்டதான்க்கா கேக்குது. பிரிண்டர மாத்தறவங்க லிஸ்ட்ல என் பேர நானே சேக்கணும். சேக்கலாமான்னுதான் யோசிக்கறேன்."

"உனுக்கு நீயே குடுத்துக்கறதுக்கு இன்னாடி யோசன? குடுத்துக்க."

சேர்த்தேன். மூன்றாம் நாள் மாலை பிரிண்டர் ஒழுங்காக அச்சடித்தது. ஆனால் பக்கத்தின் கடைசி வரி மட்டும் இரண்டாவது தாளுக்குத் தாவியது. 'தலைமையாசிரியை' என்ற ஒரு சொல் தனியாக ஒரு வெள்ளைத் தாளில். "மேடம் கையெழுத்துக்கு தனி பேப்பரா? கெத்துதான்" என்றார் அக்கா. கம்ப்யூட்டர் நம் ஊர்த் தாளை விட்டுவிட்டு, கொஞ்சம் குட்டையான அமெரிக்கத் தாளை மனதில் வைத்திருந்தது. ஏ4 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அந்த பிரிண்டரில் பிழையில்லாமல் வந்த முதல் தாள் ஒரு சுற்றறிக்கை. இனிமேல் ஊழியர்கள் விடுப்புக் கடிதங்களை நோட்டுத் தாளில் எழுதித் தரக்கூடாது, அச்சடித்த படிவத்தில்தான் தரவேண்டும் என்பது அதன் சாரம். கிழித்த தாள்கள் தொலைந்து போகின்றன என்பது தலைமையாசிரியையின் கவலை. அதிலும் நியாயம் இருந்தது. அக்கா சூடான தாளை எடுத்து ஊதிவிட்டு, "நமக்கு ஆப்பு, நாமளே பிரிண்ட் போட்டுகினோம் பாரு" என்று சிரித்தார்.

நிறுத்தி வைப்பதைக் கண்டுபிடித்தது அந்த வருடக் கடைசியில். முந்நூறு கேள்வித்தாள் அச்சாகிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு தாய், கையில் குழந்தையோடு, சாயங்காலம் ஊருக்கு ரயில் என்று டி.சி.க்காக நின்றார். "இத கொஞ்சம் நில்லுன்னு சொல்ல முடியுமா கண்ணு?" என்று அக்கா கேட்டார். அச்சு வரிசையைத் திறந்து, கேள்வித்தாள் மீது சுட்டியை வைத்து வலப்பக்கம் சொடுக்கினேன். நிறுத்தி வை என்று ஒரு கட்டளை இருந்தது. அழித்துவிடாது. யாராவது விடுவிக்கும்வரை அப்படியே காத்திருக்கும். கேள்வித்தாள் நின்றது. டி.சி. வந்தது. அந்தத் தாய் ஓடினார்.

அக்காவுக்கு அதில் ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். "நில்லுன்னா நிக்குது பாரேன். என் வூட்ல ஒண்ணு கேக்குமா இந்த மாரி?" அன்றிலிருந்து அதை அவரே செய்ய ஆரம்பித்தார். ஆனால் அவர் நிறுத்தியது எப்போதும் அவருடைய வேலையைத்தான். யாராவது ஜன்னலில் வந்து நின்றால் அவர் அச்சடிக்கக் கொடுத்தது நின்றுவிடும். டீச்சர் ஒருவர் அவசரம் என்றாலும் அப்படித்தான். "என்னுது எங்க ஓடப் போவுது" என்பார். எல்லாரும் போன பிறகு விடுவித்துக்கொள்வார்.

இந்த வருடம் மே மாதத்திலிருந்தே அவர் களைத்திருந்தார். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடது தோளை அடிக்கடி பிடித்துவிட்டுக்கொள்வார். கேட்டால் வாயு என்பார். மேஜை டிராயரில் ஓமத் தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்ப்பது எனக்கு எப்போதும் சுலபம். வாயைத் திறப்பதுதான் கஷ்டம். ஒரு முறை திறந்தேன்.

"டாக்டர்கிட்ட போங்கக்கா."

"போனேன் கண்ணு. எக்கோ ஸ்கேன் எடுத்துகினு வான்னு எழுதிக் குட்துகீறாரு. டி.சி. கூட்டம் கொறையட்டும்."

"நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

"நீயா? ஜன்னல்ல நாலு பேரு கத்துனா நீ பீரோ பின்னாடி போய் ஒளிஞ்சிப்ப" என்று சிரித்தார். உண்மைதான்.

இரண்டு நாள் கழித்து அவர் இரண்டு விரலால் தட்டித் தட்டி எதையோ அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். விடுப்புப் படிவம். வெள்ளிக்கிழமை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது ஜன்னலில் கூட்டம் சேர்ந்தது. நான் மாடிக்கு லேபுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே வந்தபோது அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லீவு கிடைக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். தலைமையாசிரியை மறுத்திருப்பாரோ, கேட்டால் அக்காவுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தோன்றியது. கேட்கவில்லை. அன்றைக்கு முப்பத்தெட்டு டி.சி. போனது. நான் கேட்கவே இல்லை.

சாவுச் செய்தி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, ரயில் நிலையப் படிகளில் இறங்கி நேராகப் பள்ளிக்குப் போனேன். விடுமுறை அறிவிப்பை அச்சடித்து வாயிற்கதவில் ஒட்டச் சொன்னார்கள். அனுப்பினேன், வரவில்லை. தாள் தீர்ந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. தாள் தட்டை அக்காதான் தினமும் காலையில் நிரப்புவார். அதற்குள் நான் அச்சு வரிசையைத் திறந்துவிட்டேன். பிரச்சினை வந்தால் மட்டும்தான் அதைத் திறப்பேன். ஜூன் முழுக்க பிரிண்டர் ஒழுங்காக இருந்தது.

பட்டியலில் இரண்டு வரிகள். ஒன்று நான் அனுப்பிய அறிவிப்பு. அதற்கு முன்னால் இன்னொன்று. கோப்பின் பெயர் லீவ். அனுப்பியவர் ரெஜினா. நிலை: நிறுத்தி வைக்கப்பட்டது. இருபது நாளாக அது அங்கே நின்றுகொண்டிருந்தது.

மறுத்தவர் யாருமில்லை. அன்றைக்கு ஜன்னலில் யாரோ அவசரம் என்றிருக்கிறார்கள். அவர் தன் கடிதத்தை நிறுத்திவிட்டு அவர்களுடையதை எடுத்திருக்கிறார். பிறகு அடுத்தவர், அதற்குப் பிறகு இன்னொருவர். விடுவிக்க மறந்திருக்கலாம். மறக்காமலே விட்டிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது.

வேறொருவர் அனுப்பியதை விடுவிக்க, பிரிண்டரை மாற்றுகிறவர்களின் அந்த லிஸ்டில் பெயர் இருக்கவேண்டும். என் பெயர் இருந்தது. தாள் வைத்தேன், விடுவித்தேன். முதலில் அவருடையது வந்தது.

அதில் உடம்புக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தார், மருத்துவப் பரிசோதனை இருப்பதால் ஒரு நாள் மட்டும் விடுப்பு வேண்டும் என்று. மீதி நான்கு வரியும் மன்னிப்பு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை இருந்து முடிந்தவரை முடித்துவிடுகிறேன். கலைச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சீக்கிரம் வந்துவிடுகிறேன். பெற்றோர் யாரும் திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். கலைச்செல்வி நான்தான்.

கடற்கரையை ஒட்டிய அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கோயில் சபைப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை அக்காவின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அனுப்பி வெச்சிருப்பேனே. லீவே கேக்கலியே அவங்க."

"அவ யாரான்ட இன்னா கேட்டுகீறா மேடம்?" என்றார் அவர். "வூட்லயும் அப்டித்தான்."

அந்தத் தாள் என் பையில் நான்காக மடித்து இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அந்த வெயிலில், அத்தனை பேர் நடுவில், என்னால் முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் அதைத் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

"இத எப்பம்மா குடுத்தாங்க?"

"குடுக்கல மேடம். பிரிண்டர்லயே நின்னுட்டிருந்துச்சு."

"நீ பாக்கலியா?"

"டைப் பண்றத பாத்தேன் மேடம். குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழம வந்து உக்காந்திருந்தாங்க. அப்பவும் நான் கேக்கல."

அவர் பழக்கத்தில் பேனாவைத் திறந்தார். விடுப்புக் கடிதம் என்றால் கீழே கையெழுத்து போடுகிற கை. தாளுக்கு மேல் அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடிவிட்டு, "ஃபைல்ல வெச்சிடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஜன்னலில் உட்காருவது நான். பீரோ பின்னால் ஒளிய முடியாது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, இரண்டு மாதமாக விடாத தலைவலி. கண்ணைக் காட்டச் சொல்லி அம்மா தினமும் சொல்கிறாள். கூட்டம் குறையட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு நாள், அதைச் சொல்லும்போதே அது யாருடைய பேச்சு என்று காதில் விழுந்தது.

ரெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது லீவ் என்று அவர் பெயர் வைத்த அந்தக் கோப்பு ஒன்றுதான். அதைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன். மன்னிப்பு கேட்கும் நான்கு வரிகளையும் எடுத்துவிட்டேன். அச்சுக்கு அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஒருவர்.

"மேடம், டி.சி. மேடம். கொஞ்சம் அர்ஜென்ட்டு. ஆட்டோ வெயிட்டிங்ல கீது."

கை தானாக நகர்ந்து, அச்சு வரிசையைத் திறந்து, என் பெயர் இருந்த வரியில் சுட்டியை வைத்துவிட்டது. வலப்பக்கம் சொடுக்கவேண்டியதுதான் பாக்கி. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "என்னோடது வந்துடட்டும்."

அவர் நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.