எடைக்கல்லில் ஈரம்

2006 தைப்பூசத்துக்கு மறுநாள், என் பெரியப்பா மகள் கலைமகள் பெங்களூருக்கு ரயிலேறினாள். வழக்கமாக ஊர் சுற்றப் புறப்படுவது நான்தான். அன்று நான் பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தேன். மருந்து கம்பெனி ஒன்றின் லேபில் அவளுக்கு வேலை. ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள்.

"பண்ணலீன்னா ஊட்டுக்கு வந்து நம்ம கம்பெனியப் பாத்துக்கோணும் கண்ணு," என்றார் பெரியப்பா ரத்தினசாமி. நல்லூரில் அவருக்குப் பனியன் துணி பின்னும் நாலு நிட்டிங் மெஷின். மகள் தோற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ளவில்லை. ஜெயிக்க வேண்டும் என்றும் முருகனிடம் சொல்லவில்லை.

காரணம் உண்டு. நூல் ஏஜென்ட் செந்தில்வேலை மடக்க அவளை விட்டால் அந்த வீட்டில் ஆளில்லை. பருத்தி நூல் ஈரத்தைக் குடிக்கும், எடை கூடும். நூல் சுற்றிய கோனுக்குள் விரலை விட்டதுமே, "காயவெச்சு எடை போட்டுப் பாக்கலாமுங்களா?" என்பாள்.

ரத்தத்தில் ஒரு ஆன்டிபாடி மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது லேபில் அவள் வேலை. ஆன்டிபாடியைப் பெப்டைட் என்ற சிறு துண்டுகளாக்கி, அதில் ஒரு துண்டை மட்டும் மெஷினில் அளப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே பெப்டைடை வெள்ளைத் தூளாக விலைக்கு வாங்கி வைத்திருப்பார்கள். அதுதான் எடைக்கல்.

இவள் எப்படி அளந்தாலும், ரத்தத்தில் நூறு பங்கு மருந்து கலந்தால் நூற்று நாற்பது காட்டியது.

"ஏம்மா, ஒன் ஆன்டிபாடி குட்டி போடுதா?" என்றாராம் மதுரைக்கார மேலாளர் அபிராமி.

ஐப்பசியில் லீவு போட்டு வந்தவள் முகத்தில் களையே இல்லை. வெளியே மழை. செந்தில்வேல் நூல் மூட்டைகளை இறக்கினார். இவள் விரல் தானாகக் கோனுக்குள் போனது.

"ஏனுங்க, இது நூலா, தொவச்ச துணியா?"

"மூட்டை மேல பாரு கண்ணு, நூறு சதம் காட்டன். பாலியஸ்டர் ஒரு இழை இருந்தா என்ற மீசைய எடுத்துக்கறேன்."

"காட்டன்தானுங்க, யாரு இல்லீன்னா? எடையில எத்தனை காட்டன், எத்தனை தண்ணின்னுதான்..."

அத்தோடு நின்றுவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது.

செந்தில்வேல் பயந்துபோனார். "என்னாச்சு கண்ணு? வேணுமின்னா ரெண்டு கிலோ கழிச்சுக்கலாமுங்க."

அவள் நினைப்பு லேபுக்குப் போயிருந்தது. அங்கே பெப்டைட் புட்டியின் மேல் தொண்ணூற்றெட்டு சதம் சுத்தம் என்று போட்டிருந்தது. வேறு பெப்டைட் கலக்கவில்லை என்பதற்குத்தான் அது உறுதி. தூள் இழுத்த ஈரமும், தயாரிக்கும்போது ஒட்டிக்கொண்ட உப்பும் அந்தக் கணக்கில் வராது. தராசில் மட்டும் வரும். எந்த மூட்டையையும் நம்பாதவள், கண்ணாடிப் புட்டி என்றதும் நம்பிவிட்டாள்.

திரும்பிப் போய், தூளை அமிலத்தில் சூடாக்கி, அமினோ அமிலங்களாக உடைத்து அளந்தாள். எடையில் எழுபத்தொரு சதம்தான் பெப்டைட். எடைக்கல் இளைத்திருந்தால் சரக்கு கூடுதலாகத்தானே காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டதும் நூறு கலந்ததற்கு நூறே வந்தது.

"வெளி லேப்லயும் ஒருக்கா பாத்துருவோம். அதுவரைக்கும் ஒனக்கு நிரந்தரமும் இல்ல, ஊருக்குப் போகவும் வேணாம்," என்றார் அபிராமி.

வருடம் முடிந்தும் பதில் இல்லை. பெரியப்பா இங்கே ஆபீஸ் அறைக்கு வெள்ளையடித்து, மகளுக்கென்று புது நாற்காலி வாங்கிப் போட்டார்.

சித்திரையில் ஒரு மதியம் என் செல்போனுக்கு மெசேஜ் வந்தது: "வெளி லேப்லயும் அதே எழுபத்தொண்ணு. என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க. அப்பாகிட்ட நீயே சொல்லிரு, நான் சொன்னா அழுதுருவாரு."