ஜவ்வாது மலையில் இறக்கிய காற்று

எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் சைக்கிள் குழுவில் என்னைவிடப் பெரிய அலட்டல் பேர்வழி கிடையாது. வெளிநாட்டுச் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி, ஈசிஆர் கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்து நாள் முழுக்க அதையே பேசும் வாய்.

சென்ற ஆண்டு ஜவ்வாது மலைக்குப் போனோம். பஸ், லாரி எதுவும் வராத, சரளைக்கல் நிறைந்த காட்டுப்பாதை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தேவியும் வந்திருந்தார். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர். அவருடைய பழைய சைக்கிளின் டயரில் பாதிக் காற்றுகூட இல்லை. நான் பம்பை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "மேடம், இது மெரினா இல்ல, மலை" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் என் டயருக்கு இன்னும் கொஞ்சம் அடித்துக் கல்லாக்கிக்கொண்டேன்.

முதல் இறக்கத்திலேயே சக்கரம் துள்ளி வழுக்கியது. முள்புதரில் தலைகுப்புற விழுந்தேன். சிரித்த நாலு பேரில் ஒருவரும் நிற்கவில்லை. பின்னால் வந்த தேவிதான் என்னைத் தூக்கிவிட்டு, டயரை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ காத்து கீது? நான் டெய்லி மீன் கூடையோட மணல்ல ஓட்றேன். காத்த எறக்குனாதான் டயரு தரைய புடிக்கும்."

என்னைக் கேட்காமலே இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கினார். அதன்பிறகு நான் ஒருமுறைகூட விழவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். "சரளையில காத்தைக் குறைக்கணும், இது என் அனுபவம்" என்று வாய் கூசாமல் சொல்கிறேன். தேவி பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். இதுவரை அவர் ஒரு வார்த்தைகூட மறுத்துச் சொன்னதில்லை. நானும் அவர் பெயரைச் சொன்னதில்லை.