'தி' போட்டால் நிரூபிக்க வேண்டும்

கணக்கிலும் அறிவியலிலும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அவர்கள் கட்டுரையில் எனக்குப் புரிவதென்னவோ பெரும்பாலும் 'ஆனால்', 'ஆகவே' மட்டும்தான்.

திருப்பதியில் பல்கலைக்கழகம் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் அறை. சொந்த ஊர் நகரி. ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேறு வேலை அமையாமல் இதற்கு வந்தேன். அடுத்தவர் வாக்கியத்தில் கை வைத்துவிட்டு, போன் அடித்தாலே எடுக்கத் தயங்குகிறவர் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், நாம் ஒரே சாதி.

நிரூபிக்காத சொல்

என்னிடம் முதலில் வந்தவள் வனஜா. கங்காதர நெல்லூரில் கரும்பு பயிரிடும் குடும்பம். அங்கிருந்து பஸ்ஸில் வந்துபோய்க் கணக்கில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஆங்கிலம் சரியில்லை என்று ஒரு பத்திரிகை அவள் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. அது வெளிவராமல் அவளுக்குப் பட்டம் இல்லை. அதில், ஒரு சமன்பாட்டுக்கு 'எ சொல்யூஷன்' இருக்கிறது என்று எழுதியிருந்தாள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் பொருளுக்கு 'தி' போட வேண்டும் என்பது நான் வருஷக்கணக்காக வகுப்பில் நடத்திய பாடம். 'எ'வை அடித்து 'தி' போட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். மற்றதெல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறது, அந்த ஒரு இடத்தை மட்டும் பழையபடி ஆக்கிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் இலக்கண விதியைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "'எ'ன்னா ஒரு விடை கீதுன்னு அர்த்தம்க்கா. 'தி'ன்னா, கீறதே அது ஒண்ணுதான்னு அர்த்தம். அதை நான் இன்னும் நிரூபிக்கல."

வைக்கோலில் மாணவர்கள்

சித்தூர்ப் பக்கத்து மாம்பழங்களைப் பற்றியே காலமெல்லாம் எழுதிவரும் ஒரு பேராசிரியர் உண்டு. பெரிய மனிதர். முற்றுப்புள்ளியை நகர்த்தினால்கூடக் காரணம் கேட்பார். காய்களை வைக்கோலில் பழுக்க வைத்து, பிறகு மாணவர்கள் அவற்றை எடை போட்டார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் வாக்கியம் அமைந்த விதத்தில், வைக்கோலில் வைக்கப்பட்டவர்கள் மாணவர்களாகிவிட்டார்கள். நன்றாகப் பழுத்த பிறகு எழுந்து வந்து மாம்பழத்தை எடை போடுகிறார்கள்.

இதை எப்படிச் சொல்வது? போனில் சொல்லப் பயந்து, அச்செடுத்து நேரிலேயே கொண்டுபோனேன். முப்பது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன் என்று முதலில் முகம் சுளித்தார். சத்தமாக ஒருதரம் வாசித்துப் பாருங்கள் சார் என்றேன். வாசித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பசங்கள எந்த வைக்கோல்ல வெச்சாலும் பழுக்காதும்மா, மாத்திடு" என்றார். அன்றிலிருந்து அவர் கட்டுரை எதுவானாலும் என்னிடம்தான் வருகிறது.

மேலே நான் எழுதிய கடைசி வரி இல்லாமல், அவர் பேச்சோடு இந்தக் கதையை முடித்திருக்க வேண்டும். நன்றி விடவில்லை.

லிட்டில்

தணிகாசலம் சார் சித்தூரில் வேதியியல் ஆசிரியர். ஊர் பாலசமுத்திரம் பக்கம். தன் ஊர் ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து, ஒரு அறிக்கை எழுதியிருந்தார். பஞ்சாயத்துக்கும் அதன் ஒரு பிரதி போக வேண்டும். ஒரு கிணற்றைப் பற்றி, அதில் 'லிட்டில் ஃபுளோரைடு' இருக்கிறது என்று எழுதியிருந்தார். இலக்கணத்தில் குற்றமே இல்லை. ஆனால் அடுத்த பக்கத்தில், அந்தக் கிணறு இருக்கும் தெருப் பிள்ளைகளின் பற்களில் ஃபுளோரைடு மிகுந்தால் வரும் பழுப்புக் கறை என்று இருந்தது.

'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. 'எ' விழுந்துவிட்டால், இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். தயங்கிக்கொண்டே கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, இரண்டுமே வேண்டாம், அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று எண்ணோடு நேராகவே எழுதிவிடுகிறேன் என்றார். அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்று பஞ்சாயத்தில் பலகை வைத்து, வேறு கிணற்றிலிருந்து குழாய் போட்டார்கள். அதைச் சொல்லத்தான் மறுபடி கூப்பிட்டார். பேச்சு இலக்கணத் தமிழிலிருந்து ஊர்த் தமிழுக்கு இறங்கியிருந்தது: "எங்கக்கா வூடு அந்தத் தெருவுலதாம்மா கீது. இப்ப அதுங்க பசங்க வேற தண்ணி குடிச்சிக்கினு கீதுங்க."

யார் அந்த இன்னொருவர்?

வனஜாவின் முதல் கட்டுரை அச்சாகிவிட்டது. அடுத்ததை அவள் தனியாகவே எழுதினாள். தலைப்பின் கீழே ஒரே பெயர். உள்ளேயோ வரிக்கு வரி 'வீ': வீ அறிகிறோம், வீ காண்கிறோம், வீ நிரூபிக்கிறோம். யாருடைய பெயரையோ விட்டுவிட்டாள் போல என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன். கூட எழுதியது யார், இல்லையென்றால் 'ஐ' என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

சிரித்தாள். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே 'வீ'தான், தமிழிலும் தெலுங்கிலும் அதற்கு இரண்டு சொல் இருக்கிறதே என்றாள். எந்தக் கல்லூரியிலும் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். ஒவ்வொரு வரியிலும் அவள் என்னை அடுத்த வரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் சொன்னது இது: "தெலுங்குல சொன்னா, அது 'மேமு' இல்லக்கா, 'மனம்'. தமிழ்ல 'நாங்க' இல்ல, 'நாம'. நானும் படிக்கிறவங்களும் சேர்ந்து போறது. மொதல்ல படிச்சிக்கினு வந்தது நீங்கதானே?"

கணக்குக்குப் பயந்து ஆங்கில இலக்கியம் படிக்க ஓடியவளுக்குக் கணக்குக்காரர்களே சோறும் போட்டு ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை, தயவுசெய்து என் பள்ளிக்கூடத்துக் கணக்கு மிஸ்ஸிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.