மிச்சம் வைத்த வழி

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, நடந்ததை விளங்கப்படுத்தத்தான் சொல்கிறேன். கிணறும் குளமும் கடலும் பார்த்து வளர்ந்த இரண்டு பெண்களிடம் ஓர் ஆற்றங்கரைப் பாதையைக் கொடுத்தால், அதை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜெர்மனியில் ரூர் ஆற்றோடு ஒரு நீளமான சைக்கிள் பாதை போகிறது. வின்டர்பெர்க் மலையில் ஆறு ஊறும் இடத்திலிருந்து, டூயிஸ்பெர்க்கில் அது ரைன் நதியோடு சேரும் இடம் வரைக்கும். சைக்கிள்காரர், நடப்பவர், நாயோடு வருபவர், சக்கரச் சப்பாத்துப் போட்ட பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே பாதை. மலையில் தொடங்கி இறக்கத்தில் சுகமாக வந்து கீழே முடிப்பதுதான் சனத்தின் வழக்கம். நானும் அக்காவும் கீழே தொடங்கினோம்.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. எசன் நகரில் ஒரே கட்டிடத்தில் அவர் மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பேருக்கும் லீவு ஒன்றாக விழும் நாளில், விட்ட இடத்துக்குச் சைக்கிள்களோடு ரயிலில் போய் இறங்குவோம். அங்கிருந்து கால் நோகும்வரை மிதித்துவிட்டு, கண்ட நிலையத்தில் ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவோம். இப்படித் துண்டு துண்டாகத்தான் அந்த வழியைப் பார்த்தோம்.

முதல் நாள், ரைன் கரையில் நிற்கும் பெரிய செம்மஞ்சள் தூணின் கீழ் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். தலைக்கவசம் போட்ட ஒரு கிழவர் வந்து இருவருக்கும் கை தந்து வாழ்த்தினார். அக்கா அவருக்கு நன்றி சொல்லி ஒரு கட்லட்டும் கொடுத்தார்.

"பாத்தியே, தொடங்கிறதுக்கே வாழ்த்துகினம். நல்ல சனம்," என்றார்.

முழு வழியையும் ஓடி முடித்துவிட்டு வந்து நிற்கிறோம் என்று அந்த மனிதர் நினைத்தது எங்களுக்கு விளங்கவே இல்லை. அடுத்த கோடையில் ஆர்ன்ஸ்பெர்க் பக்கம் ஓர் ஏற்றத்தில் நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, எதிரே இறங்கி வந்த ஒரு பெண் நின்று, ஏன் நீங்கள் எதிர்ப்பக்கமாகப் போகிறீர்கள் என்று கேட்டாள். அப்போதுதான் விசயம் பிடிபட்டது. அக்கா வியர்வையைத் துடைத்தபடி யோசித்தார்.

"இனி மாத்த ஏலாது. தொடங்கினது தொடங்கினதுதான். மேல போவம்."

நானும் ஓம் என்றேன். அவரோடு வாதாடி வென்ற ஆள் இந்த மாநிலத்திலேயே இல்லை.

பள்ளிக்கூடம் போன காலத்துப் பழக்கத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் சைக்கிள் ஓடுவோம், கதைப்பதற்காக. அவர் எப்போதும் ஆற்றுப் பக்கம். பின்னால் வருகிறவர்கள் மணி அடித்து அடித்துக் களைத்து, ஏசிக்கொண்டு கடப்பார்கள். "இவைக்கு என்ன அவசரம், வேலைக்கே போகினம்?" என்று அக்கா தமிழில் ஏசுவார். மாமியார், பிள்ளைகள், சீனி வருத்தம், இல்லத்தில் இறந்துபோன கிழவிகள், எல்லாம் கதைப்போம். என் கலியாணத்தில் எனக்கு இருந்த மனக்குறையை நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் கதை நின்றுவிடும் என்பதற்காகவே இறங்கி உருட்டுவோம்.

கடைசியாக ஓல்ஸ்பெர்க்கில் நின்றோம். ஆற்றோரம் உட்கார ஒரு மர வாங்கு. அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றினார். "இனி ஒரு துண்டுதான் மிச்சம். அடுத்த லீவுக்கு முடிச்சிடுவம்."

அடுத்த லீவுக்கு முன் லண்டனில் அவருடைய கணவரின் தம்பி படுக்கையில் விழுந்தார். அந்தத் தம்பியின் கடையைப் பார்க்க ஆளில்லை. அக்காவும் கணவரும் ஒரு மாதத்துக்கு என்று போனார்கள். கடை அவர்களுடையதாகிவிட்டது. மூன்றாம் மாடிக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கதைப்போம். எப்ப வாறியள் என்று கேட்பேன். "கோடையிலை பாப்பம் பிள்ளை. கடையைப் பூட்ட ஏலாது," என்பார். இப்படியே எத்தனையோ கோடை போய்விட்டது. இந்த வருசம் கேட்டபோது, "எனக்காகப் பாத்துக்கொண்டு கிடவாதை. நீ போய் முடிச்சிட்டுப் படம் அனுப்பு," என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் விட்டுவிட்டார், நான்தான் விசர் பிடித்தவள் மாதிரி இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கோபம் அடங்கியபின் பயம் வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் முடியாமல் கிடந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். அதையும் முடித்துவிட்டால் அவர் இங்கே வருவதற்கு வேறு என்ன காரணம் இருக்கிறது?

ஆனாலும் போனேன், வீம்புக்கு. அந்த ஏற்றத்தில் தனியே சைக்கிள் உருட்ட மனம் வரவில்லை. அதனால் சைக்கிளோடு ரயிலில் வின்டர்பெர்க்குக்கே போய் மேலிருந்து இறங்கினேன். ஆறு ஊறும் இடத்தில் கல்லுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர், இரண்டு வாளி அள்ளினால் வற்றிவிடும் போல. அங்கே புறப்பட நின்ற ஓர் இளம் சோடி என்னிடம் படம் எடுத்துத் தரக் கேட்டது. எடுத்துக் கொடுத்துவிட்டு, கை கொடுத்து வாழ்த்தினேன். ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

முதல் தடவையாக ஆறு நான் போகும் பக்கமே வந்தது. மிதிக்கத் தேவையில்லை, மூச்சு வாங்கவில்லை. வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வரலாம், கதைக்கத்தான் ஆள் இல்லை. பின்னால் ஒருவரும் மணி அடிக்கவில்லை. என்னைக் கடந்துபோக எல்லோருக்கும் தாராளமாக இடம் இருந்தது. அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே இறங்கினேன்.

ஓல்ஸ்பெர்க்கில் ஒரு சின்னப் பாலத்துக்கு வந்தபோது அந்த வாங்கு தெரிந்தது. வெறுமையாகக் கிடந்தது. நாலு மிதி மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். பாலத்தில் காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சைக்கிளைத் தெருப் பக்கம் திருப்பி, ரயில் நிலையத்துக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு அக்காதான் எனக்குப் போன் எடுத்தார். கடையில் நின்றிருக்க வேண்டும், காசு யந்திரத்தின் சத்தம் கேட்டது.

"முடிச்சிட்டியே?"

"இல்லை அக்கா."

"ஏன், கால் நோவே?"

"கொஞ்சம் மிச்சம் கிடக்கு. பாலத்திலை இருந்து வாங்கு வரைக்கும்."

யாரோ வந்து ஏதோ விலை கேட்பது கேட்டது. ஆள் வந்தால் உடனே போனை வைத்துவிடுகிறவர், அன்றைக்கு வைக்கவில்லை. கோடையில் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை.

"அந்த வாங்கு இன்னும் அங்கயே கிடக்கோ?"

"ஓம் அக்கா. கிடக்கு."

"அப்ப அந்த மிச்சத்தைத் தொடாதை, பிள்ளை."